டிராக்டரை நிறுத்தும் குழாய்

எங்கள் ஊரில் ஜூலை வெயில் எப்படி இருக்கும் என்றால், வயலில் பறித்த தக்காளி லாரியில் ஏறி நெடுஞ்சாலை வளைவைத் தாண்டுவதற்குள் சாஸாகிவிடும். காலி பாட்டிலோடு வளைவில் போய் நின்றால் போதும். வெர்னா கல்பெப்பர் புளுகுகிறாள் என்பார்கள். சொல்லட்டும். நான் ஓய்வு பெற்றவள். எதையும் மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லும் தொல்லையைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வந்தாயிற்று.

அங்கே என் வேலை பூனைகளின் இதயத்தை ஸ்கேன் எடுப்பது. கால்நடை மருத்துவக் கல்லூரியின் பின்பக்கம், குதிரை லாயத்தை ஒட்டி ஒரு நீளக் கட்டடம். அதில் இருந்த பூனைகளில் பெரும்பாலானவை ஒரே குடும்பம். குடும்பத் தலைவன் அட்மிரல் என்கிற தாடிக்காரப் பூனை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது உயிரோடு இருந்தான். அவன் நடந்தால் லாயத்தில் குதிரைகள் ஒதுங்கி வழிவிடும். கலிஃபோர்னியாவின் பாதிப் பூனைகளுக்கு அவன் அப்பன், மீதிப் பாதிக்கு மாமனார். பிள்ளைகளுக்கு அவன் விட்டுப்போனது இரண்டு சொத்து: புசுபுசுவென்று ஒரு வால், தடித்துப்போகும் ஒரு இதயம்.

அந்த நோயில் இதயத் தசை பிடித்த பிடியை விடாது. கஞ்சன் கை மாதிரி மூடிக்கொள்ளும், திறக்க மனம் வராது. சுவர் தடித்துத் தடித்து, ரத்தம் வெளியே போகிற வாசலே குறுகிவிடும். பூனை வெளியில் பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஒரு நாள் விட்டில் பூச்சியைப் பிடிக்கத் தாவும், தரைக்கு வரும்போது உயிர் இருக்காது.

அதற்குத்தான் மருந்து வந்திருந்தது. பெயர் இன்னும் வைக்கவில்லை, ஒரு நம்பர்தான். தசையின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தும் என்பதால் நாங்கள் 'தளர்த்தி' என்று கூப்பிட்டோம். நோயுள்ள பூனைகளில் பாதிக்குத் தளர்த்தி, பாதிக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. எந்தப் பூனைக்கு எது என்று எங்கள் யாருக்கும் தெரியாது. மருந்துக் கம்பெனிக்குத்தான் தெரியும். ஆசை கண்ணை மறைக்குமே, ஆசைப்பட்ட பூனைக்கு நான் அரை மில்லிமீட்டர் தள்ளுபடி கொடுத்துவிடுவேனே, அதனால் அப்படி ஒரு ஏற்பாடு. இவை போக, ஒப்பிட்டுப் பார்க்க அட்மிரல் ரத்தம் கலக்காத நல்ல இதயப் பூனைகள் சில. அதில் ஒருத்தி புட்டிங். அவள் இதயம் அவ்வளவு ஒழுங்கு, சுவர்க் கடிகாரத்தை அவளைப் பார்த்துத்தான் திருத்துவேன்.

எங்கள் டாக்டர் நாடீன் ஓஸ்டர்ஹவுட். என்னைவிடப் பாதி வயது, என்னைவிட இரண்டு மடங்கு நடை. உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடந்து நடந்து, அவள் போட்ட தடத்தில் தரையே பள்ளம் விழுந்து மழைக்குத் தண்ணீர் தேங்கும். பயம் வந்தால் மூக்கால் ஒரு ராகம் முனகுவாள். பாட்டும் இல்லை, மெட்டும் இல்லை, 'ம்ம்ம்ம்' என்று ஒரு சத்தம். அவளுக்கே தெரியாது.

அவள் பயப்படக் காரணம் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

புது ஸ்கேன் மெஷின் வந்த அன்று, முதலில் யாரை வைத்துப் பார்ப்பது என்று பேச்சு வந்தது. "என்னையே பாருங்க வெர்னா, பூனைங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கல" என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு பூனை மேஜையில் ஏறிப் படுத்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தொங்கியது.

"வாலை ஓரமா வச்சுக்கோ டாக்டரம்மா, வழியில தட்டுது" என்றேன்.

"கடிச்சிருவேன், ஜாக்கிரதை."

சிரித்துக்கொண்டேதான் களிம்பைத் தடவி, கருவியை நெஞ்சில் வைத்தேன். திரையில் சுவர் வந்தது. எனக்கு அந்தச் சுவர் தெரியும். வருடக் கணக்காக அட்மிரலின் பிள்ளைகளிடம் பார்த்த சுவர். கேலி என் வாயிலிருந்து கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. அவளும் கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.

"எங்கப்பா கல்யாண வீட்டுல டான்ஸ் ஆடிட்டே விழுந்தாரு" என்றாள். "குடும்பச் சொத்து. எனக்கும் வந்துருக்கு போல."

"நாளைக்கே மனுஷ டாக்டர்கிட்ட போற."

"போய்? படத்தைப் பார்ப்பாரு, ஆமாம்பாரு, டென்னிஸ் ஆடாதேம்பாரு. அதை நானே சொல்லிக்குவேன். நோயோட வேரைத் தொடுற மருந்து அவர்கிட்ட ஒண்ணும் கிடையாது வெர்னா. இந்த மாத்திரை பூனைங்களுக்கு வேலை செய்யட்டும், அன்னிக்கே போறேன். இல்லேன்னா தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

"இது ஒரு பேச்சா?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று இறங்கிப் போய்விட்டாள். தாழ்வாரத்தில் அந்த 'ம்ம்ம்' கேட்டது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். கதவு டமாரென்று சாத்தினால் அவள்தான் விழுந்தாளோ என்று ஓடுவேன். அந்த வருடம் நான் ஓடிய ஓட்டத்துக்கு ஒலிம்பிக்கில் பாதிப் பதக்கமாவது எனக்கு வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஆள் டுவைட், பூனைப் பராமரிப்பு. கதவை அடைக்கும் தோள், கழுத்து வரை பச்சை குத்தல், நெஞ்சுக்குள்ளே மட்டும் வெண்ணெய். ஒவ்வொரு மாத்திரையையும் சீஸில் பொதிந்து, கொஞ்சிக் கொஞ்சி ஊட்டுவான்.

எந்தப் பூனைக்குத் தளர்த்தி போகிறது என்று எங்களுக்குள் பந்தயம் ஓடியது. தோற்றவர் டோனட் வாங்க வேண்டும். நானும் டுவைட்டும் டிராக்டர் மேல் கட்டினோம். டிராக்டர் என்பது இஞ்சி நிற ஆண் பூனை. குர்ர்ர் என்று அவன் உறுமினால் கூரைத் தகரம் அதிரும். பக்கத்து வயல் விவசாயி தன் டிராக்டரை யாரோ கிளப்பிக்கொண்டு போகிறான் என்று ஓடி வந்ததுண்டு. அவ்வளவு உற்சாகம். மருந்து சாப்பிடாதவனுக்கு அது எப்படி வரும்? நாடீன் மட்டும் டச்சஸ் மேல் கட்டினாள். டச்சஸ் மூலையில் உட்கார்ந்து உலகத்தையே முறைத்துக்கொண்டிருக்கும் சாம்பல் நிறப் பெண்.

"அதுக்கு மாவு மாத்திரை கூட ஒத்துக்கல, மூஞ்சியப் பாரு" என்பேன்.

"மூஞ்சிக்கு மருந்து இல்ல, இதயத்துக்குத்தான்" என்பாள் நாடீன்.

கடைசி ஸ்கேன் ஜூலையில் வந்தது. அந்த அளவைக் கம்பெனிக்கு அனுப்பியதும் அவர்கள் மறைப்பை நீக்கி, எந்தப் பூனைக்கு எது என்று சொல்வார்கள். மாத்திரை தேறினால் அடுத்த கட்டமாக மனிதர்களுக்குப் போகும். தேறாவிட்டால் அலமாரிக்குப் போகும். நாடீனும் டாக்டரிடம் போகமாட்டாள். எனக்கு இருந்த கணக்கு அவ்வளவுதான்.

பூனையை ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். குர்ர் சத்தத்தில் இதயம் கேட்காது. பூனை சந்தோஷத்தில் மட்டும் குர்ரிடும் என்று நினைக்காதீர்கள், பயத்திலும் குர்ரிடும். அதை நிறுத்த எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி, பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவது. தண்ணீர் சத்தம் கேட்டதும் பூனை காதைத் தட்டையாக்கி வாயடைத்துப்போகும். அந்த இடைவெளியில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வருடக் கணக்காக எங்கள் பூனைகளுக்கு அப்படித்தான்: மேஜை, குழாய்ச் சத்தம், நெஞ்சில் குளிர்ந்த களிம்பு.

முதல் நாள் டிராக்டர். குழாயைத் திறந்தேன். வாயடைக்கிறதோடு நிற்காமல், ராக்கெட் மாதிரிக் கிளம்பி அலமாரி உச்சிக்குப் போய்விட்டான். டுவைட்டின் தோளை ஏணியாகப் பயன்படுத்தித்தான் இறக்கினோம். அளந்தால், சுவர் முன்பைவிடத் தடிப்பு. சரி, இவனுக்கு மருந்து போகவில்லை போல என்று தேற்றிக்கொண்டேன். அடுத்தது தடிப்பு. அதற்கடுத்ததும். டச்சஸும். நாடீன் என் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தாள். எல்லாம் தடிப்பு. 'ம்ம்ம்' என்ற ராகம் வர வர உச்சத்துக்குப் போனது.

"ஒண்ணு கூடக் குறையலையா?" என்றாள்.

"இன்னும் இருக்கு, பொறு."

"தளர்த்தியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

கடைசியில் புட்டிங். நல்ல இதயக்காரி, மாத்திரையே சாப்பிடாதவள். அளந்தேன். திரும்ப அளந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அளந்தேன்.

"நாடீன், இவளுக்கும் தடிச்சிருக்கு."

நடை நின்றது. "புட்டிங்குக்கா? அவளுக்கு எப்படி?"

"அதான் கேக்கறேன். மருந்து தோத்தா நோயாளிக்குத்தானே தடிக்கணும். இவ என்ன பாவம் பண்ணினா?"

முதலில் மெஷினைத் திட்டினோம். மெஷின் விற்ற கம்பெனியின் ஆள் வந்து பிரித்து மேய்ந்து, மெஷின் பழுதில்லை என்றான். அப்புறம் எல்லோரும் மரியாதையாக என் கையைப் பார்த்தார்கள். அதாவது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்கள்.

"என் கையைப் பார்க்கறதை விட்டுட்டு நேரா வாயால கேளு. கிழவி அழுத்திப் பிடிக்கறாளான்னுதானே?"

"நான் கேக்கல" என்றாள் நாடீன்.

"கண்ணு கேக்குது."

அவளே கருவியை வாங்கி புட்டிங்கை அளந்தாள். அதே தடிப்பு. எனக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷம், அதை உடனே மிதித்து நசுக்கினேன். என் கை தப்பித்து என்ன பிரயோஜனம், அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"கார்ல்டனுக்கு அனுப்பிரலாம்" என்றாள். கார்ல்டன் மருந்துக் கம்பெனியின் ஆள், எங்கள் சோதனையை மேற்பார்வை பார்க்கிறவர். "வந்த அளவு வந்ததுதான்."

"புட்டிங் எதுக்குத் தடிச்சான்னு தெரியாம அனுப்புவியா?"

"தெரிஞ்சா மட்டும் மருந்து வேலை செய்யப்போகுதா?" குரல் கிறீச்சிட்டது. தாழ்வாரத்தைத் தாண்டிப் பூனைகளின் பெரிய அறைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். இந்தக் கோபத்தில் அவள் இதயம் எப்படி அடிக்கும் என்று எனக்கு அல்லவா தெரியும்!

உள்ளே டுவைட் ஒவ்வொரு பூனையிடமும் நலம் விசாரித்துக்கொண்டிருந்தான். அறை நடுவே அவன் போன மாதம் வாங்கி வைத்த குட்டி மின்சார நீரூற்றுகள் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தன. பூனைகளுக்கு ஓடும் தண்ணீர்தான் பிடிக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு, பழைய கிண்ணங்களை மூட்டை கட்டிவிட்டு அவற்றை வைத்திருந்தான். பூனைகள் மூலைகளில் இருந்தன. ஒன்று எழுந்து, சுற்றி, படுக்காமல் மறுபடி சுற்றியது. டிராக்டர் சுவரோரமாகவே போய்ப்போய் வந்துகொண்டிருந்தான்.

டுவைட் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதாவது நல்ல செய்தி சொல்லலாம் என்று நினைத்தான், பாவம்.

"பாஸ், ஒரு விஷயம். இந்த ஊத்து இருக்கே, சும்மா சொல்லக்கூடாது, அற்புதம். கிண்ணம் இருந்தப்போ காலையும் சாயங்காலமும் ஊத்திக்கிட்டே இருக்கணும். இதுல ஒரு தடவை ஊத்தினா அப்படியே நிக்குது. குறையவே மாட்டேங்குது!"

நாங்கள் இருவரும் அவனைப் பார்த்தோம்.

"இதுங்க ஒண்ணுக்குப் போற மணல் தட்டும் இப்பல்லாம் பஞ்சு மாதிரி லேசா இருக்கு. என் முதுகுவலியே போயிருச்சு!"

நாடீன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஊற்றைப் பார்த்தேன். சலசலசல. அதே குழாய்ச் சத்தம்.

"அய்யோ" என்றேன்.

நாடீன் அப்படியே மண்டியிட்டு டிராக்டரைப் பிடித்தாள். பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டாள். உடனே படிய வேண்டிய தோல், யோசித்து யோசித்துப் படிந்தது.

"தண்ணி பத்தல" என்றாள். "வெர்னா, இதுங்க தண்ணியே சரியாக் குடிக்கல. உடம்புல தண்ணி கொறைஞ்சா இதயத்துல ரத்தம் கொறையும். அறை சுருங்கும், சுவர் தடிப்பாத் தெரியும். நல்ல பூனைக்கும் தெரியும்! புட்டிங்குக்கும் தெரியும்!"

"சத்தம் கேட்டா மேஜைக்குக் கூப்பிடறாங்கன்னு நினைக்குதுங்க. எவன் கிட்டப் போவான்?"

"நாமதான் பழக்கினோம்" என்றாள் நாடீன். "ஒவ்வொரு தடவையும் குழாயத் திறந்து திறந்து, நாமதான்."

டுவைட்டுக்கு விஷயம் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கி அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் விட்ட கண்ணீரைப் பிடித்து வைத்திருந்தாலே எல்லாப் பூனைகளுக்கும் தாகம் தீர்ந்திருக்கும்.

"நான் நல்லதுன்னு நினைச்சுத்தான் பாஸ்..."

"அழாத. போய்க் கிண்ணத்தை எடுத்துட்டு வா. ஓடு!"

ஊற்றுகளின் வயரைப் பிடுங்கினோம். அறையில் சத்தம் அடங்கியது. கிண்ணங்கள் வந்தன. டச்சஸ்தான் முதலில் வந்தாள். எங்களை முறைத்துக்கொண்டே குடித்தாள், குடித்தாள், கிண்ணத்தையும் குடித்துவிடுவாள் போல இருந்தது.

நாடீன் எதையும் மறைக்காமல் கார்ல்டனுக்கு ஃபோனில் சொன்னாள். அவர் மறுநாளே விமானத்தில் வந்து இறங்கினார். இஸ்திரி கலையாத சட்டை, சிரிக்காத முகம்.

"டாக்டர், வேணுங்கற பதில் வர்ற வரைக்கும் அளந்துக்கிட்டே இருக்க முடியாது. அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும். யாருக்கு எந்த மாத்திரைன்னு இப்பவும் எங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நல்ல பூனைங்களையும் சேர்த்து எல்லாத்தையும் அளக்கறோம். புட்டிங்கோட சுவர் பழையபடி வரலேன்னா என் பேச்சு பொய், பழைய அளவையே எடுத்துக்குங்க."

"பூனைங்க குழாய்ச் சத்தத்துக்குப் பயந்து தண்ணி குடிக்கலன்னு நான் எங்க ஆபீஸ்ல போய்ச் சொல்லணும்?"

"சொல்லாதீங்க, கேட்டுட்டுப் போங்க" என்று நான் ஸ்டெதாஸ்கோப்பை அவர் காதில் மாட்டி, டிராக்டரை மடியில் வைத்தேன். குர்ர்ர் சத்தத்தில் மனிதர் முகம் கோணியது. "ஒண்ணுமே கேக்கல, இரைச்சல்தான்" என்று கத்தினார். நான் குழாயைத் திறந்தேன். டிராக்டர் நின்றது. கார்ல்டனின் முகம் மாறியது. அவர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பூனையின் இதயத்தைக் கேட்டார் என்று நினைக்கிறேன். அடுத்த நொடி டிராக்டர் அவர் கையை மூன்று துண்டாக வெட்டிவிட்டு அலமாரிக்குப் போய்விட்டான். துண்டுகளை டுவைட் பேண்டேஜ் போட்டு ஒட்டினான்.

"அளங்க" என்றார் கார்ல்டன்.

பூனைகள் நன்றாகக் குடித்துத் தேறியதும் மறுபடி ஒவ்வொன்றாக மேஜைக்கு வந்தன. இந்த முறை குழாயைத் திறக்கவில்லை, குர்ர் அடங்கும்வரை காத்திருந்தோம். டிராக்டருக்காகக் காத்திருந்ததில் எனக்கு இன்னும் கொஞ்சம் நரைத்தது. முதலில் புட்டிங். சுவர் பழையபடி, ஒழுங்கு தவறாத கடிகாரம். எனக்கு அவளை முத்தமிட வேண்டும் போல இருந்தது, இட்டேன். மற்றவற்றின் அளவைச் சொல்லும்போது என் குரலை ஒரே மாதிரி வைத்துக்கொண்டேன். நாடீன் நடந்துகொண்டே இருந்தாள்.

கார்ல்டன் தன் கம்ப்யூட்டரைத் திறந்து மறைப்பை நீக்கினார். தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு ஒரு வாரம் நீடித்தது.

"சுவர் பெரிசாக் கரையல. மயிரிழை அளவுதான்" என்றார்.

'ம்ம்ம்ம்' என்றது பின்னால்.

"ஆனா தசையோட பிடி தளர்ந்திருக்கு. மருந்து போன பூனைங்களுக்கு ரத்தம் வெளிய போற வழில இருந்த நெரிசல் நல்லாவே கொறைஞ்சிருக்கு. மாவு மாத்திரைக்காரங்களுக்கு அப்படியே இருக்கு. இதை நாங்க மேல கொண்டு போறோம் டாக்டர்."

டுவைட்தான் மெல்லக் கேட்டான்: "டிராக்டருக்கு?"

"மாவு."

"மாவா? அந்த ஆட்டம் ஆடினானே!"

"டச்சஸுக்குத்தான் மருந்து" என்றார் கார்ல்டன்.

மூலையிலிருந்து டச்சஸ் எங்களை முறைத்தாள். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும் போல. டிராக்டருக்கும் நாளை முதல் உண்மையான மாத்திரை கிடைக்கும் என்று சொன்னதும்தான் டுவைட் மூக்கைச் சிந்தினான்.

நான் டோனட் வாங்கப் பையை எடுத்தேன். திரும்பினால், நாடீன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள்!

"போலாமா?" என்றேன்.

"இன்னிக்கேவா? டோனட்டு..."

"நீ சொன்ன வார்த்தை. அன்னிக்கேன்னு சொன்ன."

"மனுஷங்களுக்கு அது வர வருஷக் கணக்காகும் வெர்னா."

"வரும்போது வாங்கிக்க நீ இருக்கணும்ல?"

அவள் எழுந்து கார் சாவியைத் தேடினாள். நானே ஓட்டினேன். நான் ஓட்டுகிற அழகுக்கு, வழியில் தக்காளி லாரிகள் பயந்து ஓரம் கட்டின.

இதய டாக்டர் சின்னப் பையன், மீசை முளைக்க முயன்றுகொண்டிருந்தது. கடைசி ஆளாக எங்களை உள்ளே விட்டார்கள். நாடீன் படுக்கையில் உட்கார்ந்து, தன் குடும்பத்தை, அப்பாவின் டான்ஸை, அட்மிரலை, டச்சஸை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்ததும் பேச்சு நின்றது. ராகம் தொடங்கியது. ம்ம்ம்ம்ம்.

டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்துக் கேட்டார்.

"மேடம், கொஞ்சம் சத்தம் போடாம..."

"நான் ஒண்ணும் பேசலையே" என்றாள், மறுபடி ம்ம்ம்ம்.

நான் எழுந்துபோய் மூலையில் இருந்த கைகழுவும் தொட்டியின் குழாயைத் திறந்தேன்.

ராகம் பட்டென்று நின்றது. நாடீன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, டிராக்டரே தோற்றான்.

"கை கழுவப் போறீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்ல தம்பி" என்றேன். "நீங்க கேளுங்க."